சிறுவர்களின் உடல் எடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும்: வீட்டுக்குள் மறைக்கப்படும் ஒரு சுகாதாரப் பிரச்சினை

ஐந்து வயதைக் கடந்த பின்னரும் இரவில் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகள் நமது சமூகத்தில் ஏராளமாக உள்ளனர். எனினும் இது குறித்து வெளிப்படையாகப் பேசப்படுவது மிகக் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயல்வீட்டாருக்கும் தெரிந்துவிடும். நனைந்த பாயும் விரிப்பும் மட்டும் விடியுமுன் அலசப்பட்டு, வளவின் பின்புறக் கொடியில் காயப்போடப்படுகின்றன. தாய் அறிவாள், பிள்ளை அறியும். சில வீடுகளில் தந்தைக்குக் கூடச் சொல்லப்படுவதில்லை.

மறுபுறத்தில், வயதுக்கு மீறிப் பருத்த பிள்ளையை நாம் மறைப்பதில்லை. "நல்ல புஷ்டியான பிள்ளை" என்று மெச்சுகின்றோம். யுத்தமும் இடம்பெயர்வும் பங்கீட்டு அரிசியும் கண்ட தலைமுறையினருக்கு, கன்னம் உப்பிய பேரப்பிள்ளை ஓர் ஆறுதலாகத் தோன்றுவது இயல்பே. இவ்விரு விடயங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பதே பொதுவான எண்ணமாகும். ஆனால் அதிக எடையுள்ள சிறுவர்களிடையே இரவில் படுக்கை நனைதலும், பகலில் சிறுநீரை அடக்க முடியாமல் உள்ளாடை நனைதலும் ஒப்பீட்டளவில் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. பருத்த பிள்ளைகள் அனைவரும் படுக்கையை நனைப்பதில்லை. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளில் மெலிந்தவர்களும் பெருந்தொகையாக உள்ளனர். ஆயினும் இத்தொடர்பு எவ்வாறு ஏற்படுகின்றது என்பதை விளங்கிக்கொள்ளும் பெற்றோர், பிள்ளையைத் திட்டுவதை விடுத்துப் பயனுள்ள வேறு காரியங்களைச் செய்ய முடியும்.

முதலில் சிறுநீர்ப்பை தொழிற்படும் விதத்தைப் பார்ப்போம். கைக்குழந்தையின் சிறுநீர்ப்பை நிரம்பியதும் தானாகவே சுருங்கி வெறுமையாகின்றது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரையான காலப்பகுதியில் மூளை படிப்படியாக இச்செயலைத் தனது கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவருகின்றது. பகல் நேரக் கட்டுப்பாடு முதலில் வரும். இரவு நேரக் கட்டுப்பாடு இறுதியாகவே வரும். ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதை மதிப்பிட வைத்தியர்கள் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துவர். வயதுடன் ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வரும் தொகையே ஏறத்தாழ அதன் கொள்ளளவு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது 240 மில்லிலீற்றர், அதாவது ஒரு பெரிய தேநீர்க் குவளையின் அளவு.

இரவு முழுவதும் படுக்கை நனையாதிருக்க மூன்று விடயங்கள் ஒருங்கே நடைபெற வேண்டும். மூளையிலிருந்து சுரக்கும் வாசோபிறெசின் என்னும் ஓமோன், உறக்கத்தின்போது சிறுநீரகங்கள் உற்பத்தி செய்யும் சிறுநீரின் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீர்ப்பை அந்த அளவைச் சுருங்காமல் தாங்க வேண்டும். அது நிரம்பினால் எழும் உணர்வு பிள்ளையைத் துயிலெழுப்ப வேண்டும். இம்மூன்றில் ஏதேனும் ஒன்று பிந்தினாலோ பிசகினாலோ படுக்கை நனையும். இவற்றில் எதுவும் பிள்ளையின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. ஆழ்ந்து உறங்கும் பிள்ளை சோம்பலினால் எழும்பாமல் கிடக்கின்றது என்று கூறுவது, மயக்கமுற்றவரைப் பார்த்து அவர் பேச மறுக்கின்றார் என்று கூறுவதற்கு ஒப்பானது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை படுக்கையை நனைப்பதை மருத்துவம் ஒரு குறைபாடாகக் கருதுவதில்லை. ஐந்து வயதில் ஏறத்தாழ 15 சதவீதமான பிள்ளைகளிடம் இது காணப்படுகின்றது. அதன் பின்னர் ஒவ்வோர் ஆண்டும் இவர்களில் சுமார் 15 சதவீதமானோர் எச்சிகிச்சையும் இன்றியே குணமடைகின்றனர். ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதலாக உண்டு. வளர்ந்தவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் இது நீடிக்கின்றது. பரம்பரையின் பங்கும் பெரிது. பெற்றோரில் ஒருவர் சிறுவயதில் இப்பிரச்சினைக்கு ஆளாகியிருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். இருவருக்கும் இருந்திருந்தால் 70 சதவீதத்திற்கும் மேல். பிள்ளையை அதட்டும் தந்தை தனது தாயாரிடம் தன் பழங்கதையை ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நன்று. அந்த ஒரு கேள்வி பல வீடுகளில் பிரம்பைக் கீழே வைக்கச் செய்துவிடும்.

இனி, உடல் எடை இதில் எவ்வாறு குறுக்கிடுகின்றது என்பதைக் கவனிப்போம். வயிற்றில் கொழுப்புத் திரளும்போது வயிற்றறையின் உள்ளழுத்தம் உயர்ந்து சிறுநீர்ப்பையை மேலிருந்து அழுத்துகின்றது. இருமும்போதும் சிரிக்கும்போதும் ஓடும்போதும் சிறுநீர் கசிவதற்கு இது ஒரு காரணம். வளர்ந்தவர்கள் விடயத்தில் இதற்கு வலுவான சான்று உண்டு. 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 8 சதவீத உடல் எடையைக் குறைத்த பெண்களின் வாராந்தச் சிறுநீர்க் கசிவு 47 சதவீதத்தால் குறைந்தது. அத்தகைய பயிற்சித் திட்டத்தில் சேராத பெண்களில் அது 28 சதவீதமாகவே இருந்தது. சிறுவர்களைப் பொறுத்தவரை இந்த நேரடி அழுத்தம் கதையின் ஒரு பகுதி மட்டுமே. எடையும் சிறுநீர்ப்பையும் சந்தித்துக்கொள்ளும் வழிகள் வேறும் உள்ளன. அவற்றுள் பெரிதும் கவனிக்கப்படாத ஒன்று மலச்சிக்கலாகும்.

சிறுநீர்ப்பையும் மலக்குடலும் இடுப்பெலும்புக் கூட்டினுள் ஒன்றையொன்று ஒட்டியபடி அமைந்துள்ளன. மலம் பல நாட்களாகத் தேங்கி இறுகும்போது விரிவடையும் குடல், சிறுநீர்ப்பைக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. சிறுநீர்ப்பை முழுமையாக நிரம்ப முன்னரே சுருங்க முற்படும். கழித்த பின்னரும் முழுமையாக வெறுமையாகாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நீடித்த மலச்சிக்கலுடைய 234 சிறுவர்களை ஆராய்ந்து 1997 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. அச்சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரவில் படுக்கையை நனைப்பவர்களாக இருந்தனர். மலச்சிக்கல் குணமாக்கப்பட்ட பிள்ளைகளில், இரவில் நனைத்தவர்களுள் 63 சதவீதத்தினருக்கும் பகலில் நனைத்தவர்களுள் 89 சதவீதத்தினருக்கும் அப்பிரச்சினை நீங்கிவிட்டது. சிறுநீர்ப்பைக்கென எம்மருந்தும் தேவைப்படாமலே இவர்களில் பெரும்பாலானோர் குணமடைந்தனர் என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

நமது நாட்டு நிலைமை என்ன? களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீட ஆய்வாளர்கள் 10 முதல் 16 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளிடையே மேற்கொண்டு 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 15.4 சதவீதமானோரிடம் மலச்சிக்கல் காணப்பட்டது. ஆறு அல்லது ஏழு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சிறு தொகையல்ல. யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் வசித்த பிள்ளைகளிடையே இது 18.1 சதவீதமாகவும் ஏனைய பிரதேசங்களில் 13.7 சதவீதமாகவும் இருந்தது என்பது வடக்கு, கிழக்கு வாசகர்கள் சிந்திக்க வேண்டிய தகவலாகும். குண்டுச் சத்தம் ஓய்ந்த பின்னரும் அதன் தாக்கம் பிள்ளைகளின் குடலிலே தங்கியிருந்தது போலும். வீட்டிலும் பாடசாலையிலும் மன அழுத்தத்திற்கு உள்ளான பிள்ளைகளிடம் மலச்சிக்கல் கூடுதலாக இருந்ததையும் அவ்வாய்வு சுட்டிக்காட்டியது.

மலச்சிக்கல் உருவாகும் சூழல் நம் கண்முன்னே உள்ளது. காலை ஆறரை மணிக்குப் பாடசாலை வானில் ஏற வேண்டிய பிள்ளைக்கு மலங்கழிக்க அமைதியான பத்து நிமிடம் கிடைப்பதில்லை. காலையுணவு ஒரு பணிஸ் அல்லது பிஸ்கட்டுடன் முடிந்துவிடுகின்றது. பாடசாலை மலசலகூடங்களின் நிலையைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. தண்ணீரில்லை, வாளியில்லை, கதவிற்குத் தாழ்ப்பாளில்லை என்றால் பிள்ளைகள், விசேடமாகப் பெண் பிள்ளைகள், என்ன செய்வர்? அடக்கிக்கொள்வர். அடக்க வேண்டியிருக்கும் என்பதனால் தண்ணீர் குடிப்பதையும் தவிர்த்துக்கொள்வர். வகுப்பு நடக்கும்போது வெளியே செல்ல அனுமதி கேட்கும் பிள்ளையை அதட்டி அமர்த்தும் ஆசிரியர்களும் இல்லாமலில்லை. பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றவுள்ள பிள்ளையாயின் வீடு திரும்ப இருட்டிவிடும். நாள் முழுவதும் அரைப் போத்தல் தண்ணீருடன் காலங்கழித்த பிள்ளை, மாலை ஆறு மணிக்குப் பின்னர்தான் தாகம் தீரக் குடிக்கின்றது. ஒரு நாளின் தண்ணீர் முழுவதும் மூன்று மணித்தியாலங்களுக்குள் உடலில் சேருகின்றது. அது இரவில் வெளியேறுவதில் வியப்பில்லை.

மாலையில் பிள்ளை குடிப்பது வெறும் தண்ணீராகவும் இருப்பதில்லை. சீனி கூடிய தேநீர், இனிப்பூட்டிய பால்மா பானம், சொக்லட் பானம், போத்தல் சோடா என்பன வழமையாகிவிட்டன. தேநீரிலும் கோலா வகைகளிலும் உள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டும். சீனி எடையைக் கூட்டும். படுக்கை நனைவையும் பருமனையும் ஒரே குவளை வளர்த்துவிடுகின்றது. மென்பானங்களில் அடங்கியுள்ள சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் முறை 2016 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்து வாங்கும் பெற்றோர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

அடுத்தது குறட்டை. பருத்த பிள்ளையின் கழுத்திலும் தொண்டையிலும் கொழுப்புப் படியும்போதும், தொண்டைச் சதைகள் வீங்கியிருக்கும்போதும், உறக்கத்தில் சுவாசப்பாதை சில விநாடிகள் அடைபட்டுத் திறக்கின்றது. பிள்ளை குறட்டை விடும், சற்று மூச்சு நின்றது போலிருக்கும், பின்னர் திணறியபடி மூச்சிழுக்கும். ஒவ்வொரு முறையும் நெஞ்சறையின் அழுத்தம் மாறி இதயத்தின் மேலறைகள் விரிவடைவதனால், சிறுநீரை அதிகரிக்கச் செய்யும் வேறொரு ஓமோன் சுரக்கின்றது. இவ்வாறு இரவெல்லாம் உறக்கம் குலைந்த பிள்ளையின் மூளை, சிறுநீர்ப்பை விடுக்கும் செய்தியைக் கேட்டு எழும் திறனையும் இழக்கின்றது. தொண்டைச் சதைகளை அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் இத்தகைய பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் படுக்கையை நனைப்பதை நிறுத்திவிடுகின்றனர். காலையில் தலைவலியுடன் எழுவது, வகுப்பில் தூங்கி விழுவது, காரணமின்றி எரிச்சலடைவது என்பன இதன் ஏனைய அறிகுறிகள். "பிள்ளை தாத்தாவைப் போலவே குறட்டை விடுகின்றது" என்று சிரித்துவிட்டு இதனைக் கடந்து செல்லக் கூடாது.

மேற்கூறியவை அனைத்தும் எடையிலிருந்து சிறுநீர்ப்பையை நோக்கிச் செல்லும் வழிகள். எதிர்த்திசையில் செல்லும் வழியொன்றும் உண்டு. அது வெட்கத்தின் வழி. உள்ளாடை நனையும் என்று அஞ்சும் பிள்ளை விளையாட்டுப் போட்டிக்குச் செல்லாது. கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காது. மாமா வீட்டில் இரவு தங்க மறுக்கும். சாரணர் பாசறை, உறவினர் திருமணம், பெருநாள் விடுமுறை என எல்லாவற்றிலிருந்தும் ஏதேனும் சாட்டுச் சொல்லி ஒதுங்கும். வீட்டிலேயே கைத்தொலைபேசியுடனும் தின்பண்டத்துடனும் அமர்ந்திருக்கும் பிள்ளையின் எடை கூடாமல் என்ன செய்யும்? எடை கூடியதும் பாடசாலையில் பட்டப்பெயர் ஒன்று சேர்ந்துகொள்ளும். அந்த வேதனையையும் பிள்ளை உணவினாலேயே ஆற்ற முற்படும். ஒரே பிள்ளை இரண்டு காரணங்களுக்காகக் கேலிக்குள்ளாகின்றது, இரண்டுக்கும் தானே குற்றவாளி என்றும் நம்புகின்றது.

அடியினால் இது குணமாகாது. நனைந்த விரிப்பைப் பிறர் பார்க்கும்படி உலர்த்துதல், தம்பி தங்கையின் முன் ஏளனம் செய்தல், நனைந்த உடையுடனேயே இருக்கவைத்தல் போன்ற தண்டனைகள் பிள்ளையின் அச்சத்தைக் கூட்டி நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன. தாயத்துக் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் நூல் கட்டுவதும் நமது இரு சமூகங்களிலும் உள்ளன. நம்பிக்கை அவரவர்க்குரியது. ஆனால் அதனைக் காரணமாக்கி வைத்திய ஆலோசனையை ஆண்டுக்கணக்கில் பிற்போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகும்.

விடுதிகளில் தங்கிப் பயிலும் பிள்ளைகளின் நிலை மேலும் கடினமானது. பாடசாலை விடுதியாயினும் சிறுவர் இல்லமாயினும் ஹிப்ழு மத்ரஸாவாயினும் பல பிள்ளைகள் ஒரே கூடத்தில் உறங்கும் இடத்தில் இரகசியம் ஓரிரவுக்கு மேல் நிலைக்காது. அதிகாலைத் தொழுகைக்கு எழுப்பப்படும் சிறுவன் நனைந்த உடையுடன் எழுந்து நிற்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள். பருவமடையாத பிள்ளையின் மீது மார்க்கக் கடமைகள் விதியாக்கப்படவில்லை என்பதை அறிந்த உஸ்தாத்மார், உறக்கத்தில் நிகழ்ந்ததற்காக அப்பிள்ளையைக் கடிந்துகொள்ள நியாயமில்லை. மாற்றுடையும் நீர் புகாத விரிப்பும் பிறரறியாமல் கழுவிக்கொள்ள ஓரிடமும் ஒதுக்கிக் கொடுப்பது விடுதி நிர்வாகிகளுக்குப் பெருஞ் செலவான காரியமல்ல. அனுமதியின்போதே பெற்றோரிடம் தனிமையில் இது பற்றி விசாரித்து வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். றமழான் மாதத்தில் ஆர்வத்துடன் நோன்பு நோற்கும் சிறு பிள்ளைகள், பகல் முழுவதும் நீரருந்தாதிருந்து இப்தாருக்குப் பின் சர்பத்தும் கஞ்சியும் தேநீருமாக நிறையப் பருகுவதனால் அம்மாதத்தில் படுக்கை நனைவு கூடக்கூடும். அதனையும் குற்றமாகக் கொள்ளலாகாது.

இவ்வளவு நேரமும் பொறுமையைப் பற்றிக் கூறினோம். பொறுத்திருக்கக் கூடாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் படுக்கை நனையாதிருந்த பிள்ளை திடீரென மீண்டும் நனைக்கத் தொடங்கினால், அது முற்றிலும் வேறு விடயமாகும். புதிய குழந்தையின் வரவு, பெற்றோரின் பிரிவு, வெளிநாட்டுக்குத் தொழிலுக்குச் சென்ற தாயின் ஏக்கம், மரணம், இடம்பெயர்வு, துன்புறுத்தல் என்பன காரணமாக இருக்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் யுத்த காலத்திலும் முகாம்களில் பணியாற்றியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னதாக நினைவிற்கு வர வேண்டியது சிறுவர் நீரிழிவாகும்.

நீரிழிவு என்பது வயதானவர்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. முதலாம் வகை நீரிழிவு மெலிந்த சிறு பிள்ளைகளையும் தாக்கும். உடலிலுள்ள இன்சுலின் சுரப்பு அற்றுப்போவதனால் குருதியில் சீனி பெருகி சிறுநீருடன் வெளியேறுகின்றது. தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்கின்றது. பிள்ளை அடங்காத தாகத்துடன் நள்ளிரவிலும் எழுந்து தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், நன்றாக உண்டும் எடை குறையும், சோர்ந்து கிடக்கும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முன்னோர் கவனித்தது வீண் கதையல்ல. பருத்த பிள்ளை ஒன்று திடீரென மெலிவதைக் கண்டு, வீட்டார் நல்லது நடப்பதாக மகிழ்ந்துவிடும் ஆபத்தும் இங்குண்டு. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம் என்பன தோன்றினால் அது உயிராபத்தான நிலை. நாளைக்குப் பார்ப்போம் என்று ஓரிரவைக் கடத்தலாகாது. விரல் நுனியிலிருந்து எடுக்கப்படும் ஒரு துளி இரத்தத்தில் சில விநாடிகளில் சீனியின் அளவை அறியலாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். வாகன வசதியில்லாதோர் 1990 என்ற இலக்கத்தை அழைத்து இலவச அம்பியூலன்ஸ் சேவையைப் பெறலாம். அதிக பருமனுள்ள வளரிளம் பருவத்தினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படுவதும் தற்போது அறியப்பட்ட உண்மையாகும். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கென்று தேய்த்துக் கழுவுவதை விடுத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சிறுநீர் கழிக்கும்போது எரிவு, சிறுநீரில் இரத்தம், முகமும் கண்ணிமையும் வீங்குதல், எந்நேரமும் சொட்டுச் சொட்டாகக் கசிதல், கால்களில் பலவீனம், முதுகின் அடிப்பகுதியில் வழமைக்கு மாறான குழியோ மயிர்க் கற்றையோ இருத்தல் ஆகியனவும் தாமதமின்றிப் பரிசோதிக்கப்பட வேண்டிய அடையாளங்களாகும்.

இவ்வகை அபாய அடையாளங்கள் எதுவும் இல்லாத பிள்ளைக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை பல. இரண்டு வார காலத்திற்கு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்: பிள்ளை எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது, எந்தெந்த நாளில் மலம் கழித்தது, அது இறுகியிருந்ததா, எந்த இரவு நனைந்தது, குறட்டை இருந்ததா. வைத்தியருக்கு இக்கொப்பி பல பரிசோதனைகளை விடப் பெறுமதியானது. தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். நாளொன்றுக்குரிய நீரின் பெரும்பகுதியை முற்பகலிலும் பிற்பகலிலும் குடிக்கப் பழக்கி, மாலை ஐந்து மணிக்குப் பின் ஐந்திலொரு பங்கு மட்டும் மீதமிருக்கும்படி பார்த்துக்கொள்வது வைத்தியர்கள் கூறும் ஆலோசனை. இரண்டு மூன்று மணித்தியாலத்திற்கு ஒருமுறையும் உறங்கச் செல்லுமுன் கட்டாயமாகவும் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். காலையுணவின் பின்னர் அவசரமின்றி மலசலகூடத்தில் அமரும் பழக்கம் வேண்டும். கதிரை வடிவ மலசலகூடமாயின் பிள்ளையின் பாதங்கள் அந்தரத்தில் தொங்காதிருக்கச் சிறு பலகையொன்றை வைக்கலாம். நமது பழைய குந்தும் முறை இவ்விடயத்தில் ஒரு படி மேலானது என்றே சொல்ல வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, பிள்ளையைப் பட்டினி போடுவது தவறு. இந்நாட்டின் பல வீடுகளில் இன்றும் போசாக்கின்மையே பெரும் பிரச்சினை என்பதையும், 2022 இன் பொருளாதார நெருக்கடி அதனை மேலும் கடுமையாக்கியதையும் மறக்கலாகாது. வளரும் பிள்ளையின் எடையை விரைவாகக் குறைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. எடை மேலும் ஏறாது நின்றால் உயரம் வளர வளர உடலின் விகிதம் தானாகவே சீராகும். குரக்கன் பிட்டு, கடலை, பயறு, வல்லாரை, முருங்கையிலை, பப்பாசி, வாழைப்பழம் என்பன மலச்சிக்கலுக்கும் எடைக்கும் ஒருங்கே நன்மை பயப்பவை. றோல்ஸ், பற்றீஸ், பொதி செய்யப்பட்ட பொரியல் வகைகள் நாளாந்த உணவாகாமல் எப்போதாவது உண்பவையாக இருக்கட்டும். மாலையில் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாட அனுமதிக்க வேண்டும். தனியார் வகுப்பொன்றைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும். இம்மாற்றங்களை வீடு முழுவதும் ஏற்க வேண்டும். பருத்த பிள்ளைக்கு மாத்திரம் வேறு கோப்பை வைத்தால் அது இன்னொரு தண்டனையாகவே அமையும்.

ஆறு, ஏழு வயதைக் கடந்தும் இவற்றால் பயன் கிட்டாதபோது சிகிச்சைகள் உள்ளன. ஈரம் பட்டதும் ஒலியெழுப்பிப் பிள்ளையை எழுப்பும் கருவி 1938 இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதியினரால் அறிமுகப்படுத்தப்பட்டது. இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் பயன்படுத்தினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அது பலனளிக்கின்றது. ஆனால் ஆரம்ப வாரங்களில் பெற்றோரில் ஒருவர் பிள்ளையுடன் சேர்ந்து எழும்ப வேண்டும். வாசோபிறெசினை ஒத்த டெஸ்மோபிறெசின் என்ற மருந்து இரவு நேரச் சிறுநீரைக் குறைக்கும். அதனை எடுக்கும் பிள்ளை அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்து எட்டு மணித்தியாலம் வரை நீரருந்துவதைப் பெரிதும் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிடில் குருதியில் உப்பின் செறிவு குறைந்து வலிப்பு ஏற்படலாம். இவ்வாபத்தின் காரணமாக, 2007 ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அம்மருந்தின் மூக்கில் விசிறும் வடிவத்தைப் படுக்கை நனைவுக்குப் பயன்படுத்தலாகாது என அறிவித்தது. எனவே உறவினர் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை மருந்தகத்தில் கேட்டு வாங்கும் பழக்கம் இங்கு மிகவும் ஆபத்தானது.

இதற்கென கொழும்புக்கு அலைய வேண்டிய தேவை பெரும்பாலான பெற்றோருக்கு இல்லை. போதனா வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் குழந்தை நல வைத்திய நிபுணர்களின் கிளினிக்குகள் இலவசமாக நடைபெறுகின்றன. பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தினர் நடத்தும் மருத்துவப் பரிசோதனையின்போது பிள்ளையின் உயரமும் எடையும் அளக்கப்பட்டு வயதுக்கேற்ப ஒப்பிடப்படுகின்றன. அந்த அளவு என்ன என்று கேட்டறிவது பெற்றோரின் உரிமை. அதே நாளில் படுக்கை நனைவைப் பற்றியும் கூறலாம். பிள்ளையின் முன்னிலையில், வரிசையில் நிற்கும் ஏனைய பெற்றோருக்குக் கேட்கும்படி சொல்லத் தயங்குபவர்கள், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டின் உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி வைத்துக் கொடுத்தால் போதும். வைத்திய அதிகாரி தனியே அழைத்து விசாரிப்பதற்கு அது வழி செய்யும்.